திருநீறு போட்டுத் தேய்த்த ராணிக் காசு

அப்பு,

நிச்சயத்தன்று தாம்பாளத்தில் அந்த ராணிக் காசு வந்தபோது நானும் ரேவதியும் ஏன் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம் என்று, அது முடிந்து நீ மஸ்கட் திரும்பிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். நானும் "அப்புறம் சொல்றேன்" என்று தட்டிக்கழித்துக்கொண்டே வருகிறேன். போனில் சொல்ல வழியில்லை. உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள்; நான் ஒரு வரி சொன்னால் அவள் நான்கு வரி திருத்துவாள். நீ வந்து இறங்கியபிறகோ பத்திரிகை, துணிமணி, மண்டபம் என்று ஆளாளுக்கு உன்னை ஒரு பக்கம் இழுப்பார்கள். நீ தாலி கட்டுவதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் பழனி ரோட்டுக் கடையில் உட்கார்ந்து, மோட்டாருக்குப் புஷ் கேட்டும் பேரிங் கேட்டும் வருகிறவர்களுக்கு நடுவில் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புவேன். வெளிச்சம் பார்த்துத்தான் எடுப்பேன், கவலைப்படாதே.

என் பழைய காசுப் பைத்தியம் உனக்குத் தெரியும். தெரியாதது, இந்த நாலைந்து வருடமாக அது எந்த அளவுக்கு முற்றிப்போயிருக்கிறது என்பதுதான். காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இப்போது பெரிய மனிதன். எங்கெங்கோ இருப்பவர்கள் வெள்ளி ரூபாயைப் போட்டோ பிடித்துப் போட்டு, "அண்ணே, தரம் சொல்லுங்க" என்பார்கள். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே கொண்டுபோய், இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவேன். உன் அம்மா இதற்கு "அய்யா கோர்ட்டு" என்று பேர் வைத்திருக்கிறாள். எனக்கு இது தொழிலோடு ஒட்டிவந்த பழக்கம் என்றுதான் சொல்வேன். தேய்ந்த புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்தே, மோட்டார் எத்தனை காலம் எப்படி ஓடியது என்று சொல்கிறவனுக்குத் தேய்ந்த காசு என்ன பெரிய விஷயம்? சாணார்பட்டியிலிருந்து ஒருவர் மோட்டாரைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இது என்ன சத்தம்ணே?" என்று கேட்கிற காலம் இது. அதற்குக்கூட ஒரு பதில் சொல்லி அனுப்பினேன், சரியாகவும் இருந்தது.

போட்டோவில் காசு பார்ப்பது எப்படி என்று உனக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கதைக்கு அது வேண்டும். ராணி ரூபாய், அதாவது வெள்ளைக்கார ராணியின் தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய் என்றால் முதலில் மேடான இடங்களைப் பார்க்க வேண்டும். கன்னம், கிரீடத்துக்குக் கீழே இறங்குகிற கூந்தல், சட்டையில் இருக்கிற பூவேலை. கை மாறி மாறிப் போகும்போது முதலில் தேய்வது அந்த மேடுகள்தான். கூந்தல் இழை இழையாகத் தெரிந்தால் நல்ல தரம், மொத்தையாகத் தெரிந்தால் ஊர் சுற்றிய காசு. அப்புறம் நிறம். வெள்ளி சும்மா இருந்தால் மெல்லக் கறுக்கும். அந்தக் கறுப்பைத்தான் எங்கள் ஆட்கள் கொண்டாடுவார்கள், ஏனென்றால் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பளபளவென்று வெளுத்திருந்தால் யாரோ தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தேய்ந்த காசைக்கூட மதிப்போம், தேய்த்த காசை மதிக்கமாட்டோம். கடைசியாக ஒரு சட்டம், நானே குழுவில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது: ஃப்ளாஷ் போட்டு நேராக எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து எதுவும் சொல்லாதே. ஜன்னல் ஓரம், பக்கவாட்டு வெளிச்சத்தில், முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று கேட்டு வாங்கிப் பார்.

இந்தக் கறுப்பு விஷயத்தில் நம் வீட்டில் ஒரு பழைய வழக்கு உண்டு. கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் கடையிலிருந்து வந்தபோது, என் காசுகளையெல்லாம் உன் அம்மா திருநீறு போட்டுத் தேய்த்து, முறத்தில் வரிசையாகக் காயவைத்திருந்தாள். குத்துவிளக்கையும் குங்குமச்சிமிழையும் தேய்க்கிற கை, காசை மட்டும் சும்மா விடுமா? அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று கைலியோடு ஓடிவந்தார். அதற்கப்புறம் அவள் என் காசைத் தொடுவதில்லை. "உங்க கருமூஞ்சிக" என்றுதான் அவற்றைச் சொல்வாள்.

இனி நடந்ததற்கு வருகிறேன். நீ பெண் பார்த்துவிட்டு மஸ்கட் போய், நிச்சயத்துக்குத் திரும்பி வருவதற்குள், பாலசமுத்திரத்தில் ரேவதியின் அத்தை 'நிச்சயதார்த்தம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, இரண்டு வீட்டுச் சனத்தையும் அதில் சேர்த்துவிட்டார். நீ டூட்டி டூட்டி என்று அதைத் திறந்தே பார்த்திருக்கமாட்டாய். நிச்சயத்துக்கு முந்தின வாரம் ஒரு காலையில், உன் மாமனார் அதில் ஒரு படம் போட்டார். சிவப்புப் பட்டுத் துணிமேல் ஒரு ராணி ரூபாய். அவர்கள் வீட்டு வழக்கம் அது. பெண் வீட்டுக் காசை நிச்சயத் தட்டில் வைத்துக் காட்டி, எடுத்துப்போய், கல்யாணத்தன்று மாப்பிள்ளை கையில் கொடுப்பார்கள். ரேவதியின் அம்மா கல்யாணத்துக்கும் அதே காசுதான் வந்ததாம். படத்துக்குக் கீழே அவர் ஆசையாகக் குரல் பதிவும் போட்டிருந்தார்: "ஏனுங்க சம்பந்தி, நம்ம வூட்டு ராணிக் காசுங்க. நீங்க போட்டோவப் பாத்தே தரம் சொல்லிப்போடுவீங்களாமா. சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

எல்லாரும் கேட்கட்டும் என்ற வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். படம் ஃப்ளாஷ் போட்டு நேராக எடுத்தது. ராணியின் கன்னம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது, கூந்தல் மொத்தையாக இருந்தது. இன்னொரு படம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் தெரியாதவன் மாதிரி ஆகிவிடுமே என்று, என் சட்டத்தை நானே மீறி, காசுக் குழுவில் எழுதுகிற அதே பாஷையில் எழுதினேன்: "நன்றாகத் தேய்ந்தது. தேய்த்துக் கழுவப்பட்டது. சுமாரான தரம்." எழுதிவிட்டுத் திருப்தியாக இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். உன் அம்மா தன் போனைப் பார்த்துவிட்டுச் சட்னிக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, அம்புட்டுப் பேரு இருக்குற எடத்துல இப்படியா எழுதுவீக? சூப்பர்னு ஒரு வார்த்தை போட்டா கொறஞ்சா போயிருவீக?"

"இல்லாததைச் சொல்லச் சொல்றியா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ரெண்டு கையெடுத்துக் கும்புடுற பொம்மை ஒண்ணு இருக்குல்ல, அதப் போட்டா போதாதா?"

குழு கப்சிப் ஆகிவிட்டது. அதுவரை காலை வணக்கமும் ரோஜாப்பூவும் கொட்டிக்கொண்டிருந்த குழுவில் ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் நீலக் கோடு காட்டியது. மதியத்துக்கு மேல் அந்த அத்தையிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அண்ணனுக்கு அனுப்புவதாக நினைத்துக் குழுவிலேயே போட்டுவிட்டார் பாவம். அழிப்பதற்குள் உன் அம்மா கேட்டுவிட்டாள். "காசையே தேஞ்சதுங்கறாங்கண்ணா. நாளைக்கு நம்ம புள்ளைய என்னங்கப் போறாங்களோ" என்றிருந்தார். அவர் கேட்டதில் என்ன தப்பு?  சாயங்காலம் உன் மாமனார் போன் செய்தார். குரலில் மரியாதை குறையவில்லை, ஆனால் சுரம் இறங்கியிருந்தது. "தேதியக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமுங்களா சம்பந்தி? வூட்ல பொம்பளைங்க ஒரு மாதிரியா இருக்கறாங்க."  பெண் பார்த்துவிட்டு வந்த அன்று பஸ்ஸில் நீ ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தாய். அந்தச் சிரிப்பை ஒரு வரி எழுதி நான் அழித்துவிட்டேனே என்று பயந்தே போனேன்.

அப்போதுதான் ரேவதியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. பழனியில் அவள் வேலைபார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து அனுப்பியிருந்தாள். "மாமா, நீங்க சொன்னதுல பாதி சரிங்க, பாதி தப்புங்க" என்று ஆரம்பம். எனக்குச் சுருக்கென்றது, பிடித்தும் இருந்தது. கீழே ஒரு படம். முன்பு ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பீரோவைக் காலிசெய்தபோது, மஞ்சள் துணி மூட்டையில் அந்தக் காசைப் பார்த்து, நிறம் அழகாக இருக்கிறதே என்று ஜன்னல் ஓரம் வைத்து எடுத்தாளாம். நான் படத்தை விரித்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புறாவின் கழுத்து மாதிரி நீலமும் கறுப்பும் கலந்த நிறம். கூந்தல் இழை இழையாக. சட்டையில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக. ஊரே சுற்றாத காசு. துணிக்குள்ளேயே இருந்து, கல்யாணத்துக்குக் கல்யாணம் வெளியே வந்து மூச்சுவிட்டுப் போன காசு. தேய்மானம் என்று நான் தீர்ப்பு எழுதினேனே, அது வெறும் ஃப்ளாஷ் வெளிச்சத்தின் வேலை.

அதற்குக் கீழே அவள் எழுதியிருந்ததைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். "தேய்த்துக் கழுவினதுன்னு சொன்னீங்களே, அது சரிங்க மாமா. நீங்க பாக்கப் போறீங்கன்னுதானுங்க அம்மா இன்னிக்குக் காத்தால திருநீறு போட்டுத் தேச்சாங்க. அதுக்கு முன்னால யாருமே தேச்சதில்லீங்க. தேச்சா கெட்டுப்போகும்னு எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுங்க. அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க. தாங்கமாட்டாங்க."

படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அத்தனை காலம் யாரும் கைவைக்காத காசு. சம்பந்தி பெரிய நிபுணராம், அவர் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தால் நன்றாகவா இருக்கும் என்று விடிந்ததும் விடியாததுமாக ஒரு தாய் உட்கார்ந்து அதைத் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார். காசுக்கு நேர்ந்த கெடுதலுக்கு நான்தான் காரணம். அதற்குச் சுமார் தரம் என்று தீர்ப்புச் சொன்னவனும் நான்தான்.

மறுநாளே உன் அம்மாவும் நானும் ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழத்தோடு பழனி பஸ் ஏறினோம். அங்கிருந்து பாலசமுத்திரத்துக்கு டவுன் பஸ். வழியெல்லாம் உன் அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். "அங்க போயி பூதக்கண்ணாடிய வெளிய எடுத்தீக, நான் அப்படியே அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துருவேன்" என்றாள். வீட்டில் வாங்க வாங்க என்று கூப்பிட்டார்கள், காப்பி வந்தது, ஆனால் யாரும் உட்காரவில்லை. அத்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டு என்னை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார். நானே காசைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தட்டில் வந்தது. விளிம்பைப் பிடித்து எடுத்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. முகமெல்லாம் பொடிப்பொடியாகக் கீறல், பூவேலையின் இடுக்கில் இன்னும் திருநீறு. கீறலுக்கு அடியில் அந்தக் கூந்தல் மட்டும் அப்படியே இருந்தது.

"சம்பந்தி, நான் சொன்னது தப்பு. போட்டோவுல வெளிச்சம் அடிச்சு எனக்கு அப்படித் தெரிஞ்சிருச்சு. காசு தேயவே இல்லை. இந்தத் தரத்துல நான் கையில தொட்டதே கொஞ்சம்தான்" என்றேன். உன் மாமனார் முகம் மலர்ந்தது. அத்தை சமையலறை வாசலிலிருந்து கூடத்துக்கு வந்தார். ஆனால் ரேவதியின் அம்மா முந்தானை நுனியைப் பிடித்தபடி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்ணா, தேச்சுக் கழுவுனதுன்னு எழுதியிருந்தீங்களே. தேச்சது தப்புங்களா?"

ரேவதி அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். எத்தனையோ பேர் காசுக்கு ஈவு இரக்கம் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னவன், காசை மெல்லத் தட்டில் திருப்பி வைத்தேன்.

"எனக்காகவா தேச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாங்ணா. பெரியவங்க பாக்கப் போறீங்க, கருகருன்னு இருக்குதேன்னு."

"அப்ப தப்பே இல்லைம்மா. ரொம்ப நல்லா தேச்சிருக்கீங்க."

காசுக் குழுவில் யாராவது இதைக் கேட்டிருந்தால் என்னை அன்றைக்கே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். ரேவதி சட்டென்று உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது கண் ஓரம் ஈரமாக இருந்தது, வாயில் சிரிப்பு இருந்தது. பிறகு சாப்பிடாமல் எங்களை விடவில்லை. நிச்சயத் தேதி அதே தேதிதான் என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே முடிவாயிற்று. அத்தை எனக்கு இரண்டாம் முறை ரசம் ஊற்றினார், அதிலேயே சமாதானம் தெரிந்தது.

திரும்பும்போது ஒட்டன்சத்திரம் தாண்டியதும் உன் அம்மா ஆரம்பித்தாள். 

"அவுக தேச்சா ரொம்ப நல்லா தேச்சிருக்கீக. நான் தேச்சப்ப மட்டும் தெருவே கேக்கக் கத்துனீக."

"நீ எனக்காகத் தேச்சேன்னு அன்னைக்குச் சொல்லலையே."

"பெறகு யாருக்காகத் தேச்சேன்? எதுத்த வீட்டுக்காரருக்காகவா?"

பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.  இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செத்த நேரம் கழித்து அவளே பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்து என் கையில் கொடுத்தாள். சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோன சீப்பில் ஒன்றை எனக்கென்று ஒளித்துவைத்திருக்கிறாள்.

அதனால் உனக்கு நான் சொல்வது அதிகமில்லை. நீயும் ரேவதியும் இதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில் பெரும்பகுதி வீடியோ காலில்தான். நீ அவளோடு பேசும்போது முகத்துக்கு நேரே வட்ட விளக்கு ஒன்றை வைத்துக்கொள்வதாக உன் அம்மா சொன்னாள். அது ஃப்ளாஷ் அப்பு, அணைத்துவிடு. சனிக்கிழமை தாடியோடு, சட்டை கசங்கி, கையில் குழம்புக் கரண்டியோடு இருக்கிற முகத்தையும் அவள் பார்க்கட்டும். நீயும் ஒரு கோபத்தை வைத்தோ ஒரு மௌனத்தை வைத்தோ அவளுக்குத் தீர்ப்பு எழுதிவிடாதே. பக்கவாட்டிலிருந்து இன்னொரு தடவை பார். முக்கியமாக ஒன்று. உனக்காக அவள் எதையாவது செய்து, அது கெட்டுப்போய் நிற்கும். நீ ஆசையாக வைத்திருந்த சட்டை சலவையில் சாயம் போயிருக்கும், இல்லாவிட்டால் உன் ஊர் ருசிக்கென்று வைத்த வெஞ்சனம் வாயில் வைக்க முடியாமல் இருக்கும். வாயைத் திறப்பதற்கு முன்னால் இதை யாருக்காகச் செய்தாள் என்று உன்னையே கேள். நான் அன்றைக்கு முறத்தின் முன்னால் நின்று கேட்கவில்லை, எதிர்வீட்டுக்காரர் கைலியோடு ஓடிவரும்படி ஆயிற்று.

அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்பதையும் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். மாமனார் ஆகப்போகிறவனிடம் பாதி தப்பு என்று சொல்லத் தைரியமும் இருக்கிறது, தன் அம்மா மனம் நோகக்கூடாது என்ற பதற்றமும் இருக்கிறது. அந்தப் பழைய படத்தை அவள் தன் அம்மாவுக்கு இன்றுவரை காட்டவில்லை. எனக்கும் அவளுக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் இது. இப்போது உனக்கும் தெரியும். நிச்சயத்தன்று சிரித்தது அதற்குத்தான். உன் மாமியார் காதுக்கு இது எந்தக் காலத்திலும் போகக்கூடாது.

இதை எழுதத் தூண்டியதே இன்று காலை வந்த ஒரு போன்தான். உன் மாமியார் பேசினார். "ஏனுங்ணா, காசு மறுபடியும் லேசா மங்குன மாதிரி இருக்குதுங்க. கல்யாணத்துக்கு இன்னொருக்கா திருநீறு போட்டுத் தேச்சுப்போடட்டுங்களா?"  வேண்டாம் என்று அலறினால் குட்டு வெளிப்படும். தேயுங்கள் என்றால் அந்தக் கூந்தலும் போய்விடும். என் வாயில் எப்படி வந்ததோ, "நீங்க செரமப்படாதீங்கம்மா. நிறையக் காசு தேச்ச கை இது. துணியோட அப்படியே கொண்டாங்க, மண்டபத்துல வச்சு நானே தேச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "உங்க கைப்பட்டா இன்னும் நல்லா வருமுங்ணா" என்றார். பக்கத்தில் நின்ற உன் அம்மா சிரித்த சிரிப்பில் குக்கர் விசில்கூடக் கேட்கவில்லை.

ஆகவே கல்யாணத்தன்று காலையில் நீ மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு கையில் மஞ்சள் துணி முடிச்சும் இன்னொரு கையில் திருநீற்றுக் கிண்ணமுமாக நான் மண்டபத்துக்குப் பின்னால் போவதைப் பார்ப்பாய். ஒன்றும் கேட்காதே. முடிச்சை அவிழ்க்காமலே, அந்தத் திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

அப்பா